ரோலா மண்டலம் விடுதலை பெற்ற வரலாறு

ராக்கப்பனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கடிதம். அடியில் ஒரு கையெழுத்து, கையெழுத்தின் வாலைத் தொட்டபடி ஒரு முத்திரை. அதை வாங்கப் போனவர் ஒரு மாதத்துக்குள் நான்கு முறை பிறந்தநாள் கொண்டாட வேண்டி வந்தது. அவருடைய அம்மா அவரைப் பெற்றது ஏதோ ஒரு ஐப்பசி மாதம் என்பதற்கு மேல் அவருக்கே தேதி தெரியாது.

கமுதிப் பக்கத்துக்காரர். ஷார்ஜாவில் சஜ்ஜா கேம்பில் இருந்துகொண்டு பத்தொன்பது வருடமாகக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர். அதே கேம்பில், அதே அறையில், கீழ்க்கட்டிலில் இருந்தவர் அவருடைய மச்சான் பாலகுரு. தங்கை நாகஜோதியின் புருஷன். பதினோராவது மாடி உயரத்தில் ஒற்றைக் குழாய் மேல் வரப்பில் நடப்பதுபோல் நடக்கிற ஆள். அப்படிப்பட்டவர் ஒருநாள் தரையில், தண்ணீர் குடிக்க உட்கார்ந்த இடத்தில், எழுந்திருக்க மறந்துபோனவர்போல் சரிந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிப் பேச்சு குழறிப்போனது. கம்பெனி விசாவை ரத்து செய்துவிட்டு, "கலாஸ்", கணக்கு முடிந்தது, என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் மலையாளி டாக்டர் ஒருவர் நல்லவராக இருந்தார். ராக்கப்பனை வராந்தாவுக்குக் கூட்டிவந்து சொன்னார்:

"இப்ப கொண்டுபோனா படுத்துக்கிட்டே ஊர் போய்ச் சேர்ந்துடலாம். போகலாம்னு நான் எழுதித் தர்றேன். ஆனா ஒரு மாசத்துக்கு மேல இங்க கெடந்தா நெஞ்சுல சளி கட்டும். அப்புறம் எழுதித் தர முடியாது, பாய்."

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் கீழக்கரை கௌஸ் முகைதீன் மற்றதையெல்லாம் இரண்டே நாளில் தயார் செய்தார். விமானத்தில் ஸ்ட்ரெச்சர் வைக்கிற இடத்தை யாரோ ஒரு பெரிய மனிதர் தர்மமாகத் தருவதாகச் சொல்லிவிட்டார். கூடப் போவதற்கு, விடுமுறையில் திருச்சி போகிற ஒரு நர்ஸும் கிடைத்துவிட்டாள்.

"அவரு கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதாண்ணே. இந்தக் கேஸ் உண்மைதான்னு ஏதாச்சும் ஒரு தமிழ் மன்றத்து லெட்டர்பேடுல எழுதிக் கையெழுத்துப் போட்டு சீல் வச்சுத் தரணும். முன்னாடி ரெண்டு தடவ ஏமாந்திருக்காரு. லெட்டர நானே டைப் அடிச்சுத் தர்றேன். நீங்க போய் மன்றத்துக்காரங்ககிட்ட காமிச்சு வாங்கிட்டு வந்தாப் போதும்."

"ஒரு சீலுதான?"

"ஒரு சீலுதான்" என்றார் கௌஸ் முகைதீன். அந்த நேரத்தில் அவரும் அப்படித்தான் நம்பினார்.

மன்றத்தின் பெயர் அமீரகத் தமிழர் மக்களாட்சிப் பேரவை. பதினாறு வருடங்களுக்கு முன் பொங்கல் விழா நடத்துவதற்காக நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து தொடங்கியது. முதல் விழாவிலேயே மேடையில் யார் எங்கே உட்காருவது என்று சண்டை வந்ததால் ஒரு விதி எழுதினார்கள். அடுத்த வருடம் அந்த விதிக்கு யார் பொருள் சொல்வது என்று சண்டை வந்ததால் இன்னொரு விதி எழுதினார்கள். இப்படி வளர்ந்து, இப்போது இருநூற்றுப் பதினான்கு பக்கத்தில் ஓர் அமைப்புச் சட்டம், ஐந்து மண்டலங்கள், மண்டலத்துக்கொரு சிறுபேரவை, அவைத்தலைவர், எதிர்க்கட்சி, வெளிநடப்பு எல்லாம் இருந்தன. பொங்கல் விழாவை மட்டும் நேரமில்லாமல் ஓர் இவெண்ட் கம்பெனியிடம் விட்டுவிட்டார்கள். உறுப்பினர்களுக்கு இந்த நாட்டில் ஓட்டு இல்லை. ஊரில் ஓட்டு இருந்தது, போடப் போவதற்கு லீவு இல்லை. ஆகவே இரண்டு நாட்டிலும் செலவாகாமல் மிஞ்சிய ஜனநாயகம் முழுவதும் இங்கே வந்து தேங்கியிருந்தது.

தலைமையகம் பர் துபாயில், மீனா பஜாரில் ஒரு தையல் கடைக்கு மேல். ராக்கப்பன் அரைநாள் லீவு போட்டு, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனார். தலைவர் சிவசங்கரன் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் மேனேஜர். பதினாறு வருடமாகப் பேரவைக்குத் தலைவர். பக்கத்தில் அவைத்தலைவர் பிருந்தா, பள்ளிக்கூட ஆசிரியை, மடியில் அமைப்புச் சட்டத்தோடு உட்கார்ந்திருந்தார்.

கடிதத்தையும் அதோடு பின் குத்தியிருந்த டாக்டர் சான்றிதழையும் சிவசங்கரன் கண்ணாடி போட்டுப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க வலி எனக்குப் புரியுது. இந்தப் பேரவையோட ஆன்மாவே உங்களை மாதிரி உழைப்பாளிகள்தான். அதனாலதான் ஒன்பதாவது பிரிவை முழுசா உங்களுக்கே ஒதுக்கியிருக்கோம். பிருந்தா, கொஞ்சம் படிங்க."

பிருந்தா படித்தார்: "ஒப்பந்தத் தொழிலாளர்கள் இணை உறுப்பினர் ஆவர். இவர்கள் கூட்டங்களில் கலந்துகொள்ளலாம், கை தட்டலாம், நாற்காலிகளை ஒழுங்குபடுத்தலாம். வாக்களிக்கவோ வினா எழுப்பவோ இயலாது."

"கை தட்ட வரல சார். லெட்டருதான்" என்றார் ராக்கப்பன்.

"கடிதம் கொடுக்கிறது எங்க கடமை. ஆனா நோயாளி படுத்திருக்கிறது ஷார்ஜாவுல. அது ரோலா மண்டலம். ரோலா மண்டலம் பேரவையை விட்டுப் பிரியறதா வேணாமான்னு இப்ப வாக்கெடுப்பு நடக்குது. நன்னடத்தை விதி அமல்ல இருக்கு. இந்த நேரத்துல நான் ஒரு நோயாளிக்கு உதவி பண்ணினா, வாக்காளர் மனசை மாத்தப் பார்த்ததா ஆயிடும்."

"எங்களுக்குத்தான் ஓட்டே இல்லையே சார்."

"அதான் இன்னும் சிக்கல். ஓட்டு இருக்கிறவருக்கு உதவினா ஏன் உதவினோம்னு எல்லாருக்கும் தெரியும். ஓட்டு இல்லாதவருக்கு உதவினா, ஏன் உதவினோம்னு விசாரணைக் குழு வைக்க வேண்டியிருக்கும்."

ரோலா மண்டலத் தலைவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். அவர் உடையப்பன். ரோலா சந்தையில் அத்தர், வளையல், பொம்மை விற்கிற கடை வைத்திருப்பவர். கடை வாசலிலேயே 'விடுதலைக் கூட்டணி' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு விழாவில் ரோலாக்காரர்களுக்கு ஏழாவது வரிசையிலிருந்துதான் இடம் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்த நடிகருக்குப் போட உடையப்பன் வாங்கிக்கொண்டு போன மாலையை, பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பின்பக்கம் ஒரு மேசையில் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு அந்த மாலை வாடியபோதுதான் ரோலாவின் விடுதலை உணர்வு மலர்ந்தது என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தது.

உடையப்பன் ராக்கப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அத்தர் வாடை நெஞ்சை அடைத்தது.

"லெட்டர்தானே? இப்பவே தர்றேன். ஆனா எந்த லெட்டர்பேடுல தர்றது? இந்தாங்க, பாருங்க. மேல கொட்டை எழுத்துல பர் துபாய். கீழே எறும்பு மாதிரி ரோலா. இது அடிமை லெட்டர்பேடு. இதுல நான் கையெழுத்துப் போட்டா நம்ம அடிமைத்தனத்தை நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி."

"மச்சான் அதெல்லாம் படிச்சுப் பாக்க மாட்டாக சார்."

"வரலாறு படிக்கும்" என்றார் உடையப்பன். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஞாயித்துக்கிழமை சபை கூடுது. மூணே வாரம். வாக்கெடுப்பு முடிஞ்சதும் புது லெட்டர்பேடு, புது சீல், முதல் கையெழுத்து உங்க மச்சானுக்கு. அது போகட்டும், கையில ஐடி கார்டு வச்சிருக்கீங்களா?" என்றார்.

வைத்திருந்தார். பொதுக்கூட்டம் போடுவதற்கு அனுமதி வாங்குவது ஆகாத காரியம் என்பதால் பேரவை எப்போதும் ரோலாவில் ஒரு ஹோட்டலின் விருந்து அறையில் பிறந்தநாள் விழா என்று சொல்லித்தான் கூடும். உறுப்பினர்கள் எல்லோருடைய பெயரிலும் அந்த வருடத்துக்கான பிறந்தநாள் கொண்டாடி முடிந்துபோயிருந்தது. உடையப்பன் ராக்கப்பனின் அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்.

முதல் ஞாயிறு ராக்கப்பன் போனபோது அறை வாசலில் அவருடைய பெயரும் பலூனும் தொங்கின. உள்ளே எண்பத்துச் சொச்சம் பேர் இரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். வாக்கெடுப்பில் என்ன கேள்வி கேட்பது என்பதே அன்றைய விவாதம். பர் துபாய் தரப்பு, 'ரோலா பேரவையை விட்டுப் பிரிந்து சீரழிய வேண்டுமா?' என்று கேட்கச் சொன்னது. ரோலா தரப்பு, 'ரோலா மானத்தோடு வாழ வேண்டுமா?' என்று கேட்கச் சொன்னது. நான்கு மணிநேரம் பேசி, கடைசியில் ஒரு கேள்வி ஒருமனதாக நிறைவேறியது: 'ரோலா மண்டலம் இப்போதுள்ளவாறு தொடராமல் இருக்க வேண்டாமா, அல்லவா?' இதற்கு ஆம் என்றால் என்ன பொருள், இல்லை என்றால் என்ன பொருள் என்று யாருக்கும் விளங்கவில்லை. அதனால்தான் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டன.

நடுவில் கதவைத் திறந்துகொண்டு நேபாளிப் பரிசாரகர்கள் நான்கு பேர் மெழுகுவத்தி ஏற்றிய கேக்கோடு பாடிக்கொண்டே வந்தார்கள். பிருந்தா மேசையைத் தட்டி அவையை ஏழு நிமிடம் ஒத்திவைத்தார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ராக்கப்பன் கேக் வெட்டினார். முதல் துண்டை அவர் வாயில் ஊட்டுவது பேரவைத் தலைவரா, மண்டலத் தலைவரா என்று கேள்வி எழுந்தது. அமைப்புச் சட்டம் மௌனமாக இருந்ததால் அவரே தின்றுகொள்ளலாம் என்று தீர்ப்பானது.

தின்று முடித்து, "சார், அந்த லெட்டரு..." என்றார்.

"வினா எழுப்ப இயலாது" என்றார் பிருந்தா, வருத்தத்தோடு.

மறுநாள் டூட்டி முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். பாலகுருவின் இடது கை கட்டில் கம்பியின் மேலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் நின்று, பிடித்து, திருகி, இறுக்கியது. இரண்டு குழாயைச் சேர்க்கிற கிளாம்பை இறுக்குகிற திருகல். இறுக்கி முடித்ததும் கை அடுத்த இடத்துக்கு நகர்ந்தது.

"எ...ப்ப?" என்றார் பாலகுரு. அந்த ஒரு சொல்லைத்தான் அவரால் ஓரளவு சொல்ல முடிந்தது.

"வார ஞாயித்துக்கெழம மாப்ள. எல்லாம் ரெடி. ஒரு சீலுதான் பாக்கி."

பாலகுரு அவரையே பார்த்தார். பிறகு கை மறுபடியும் கம்பியில் ஊர்ந்தது.

கேம்புக்குத் திரும்பும்போது நாகஜோதி கூப்பிட்டாள்.

"அண்ணே, திருச்சியில இருந்து கூட்டியாரதுக்கு வேன் சொல்லி வச்சிருக்கேன். படுக்க வச்சுக் கொண்டாரணும்னா சீட்டக் கழட்டணுமாம். தேதி சொல்லுங்கன்னு வேன்காரரு கேக்காரு."

"கழட்டச் சொல்லுத்தா" என்றார் ராக்கப்பன். "தேதி வந்துரும்."

இரண்டாவது ஞாயிறு அவருக்கு மறுபடியும் பிறந்தநாள். ஹோட்டல் மேனேஜர் கணினியைப் பார்த்துவிட்டு ராக்கப்பனையும் ஒரு முறை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குத் தலைவர்கள் பேசும் நாள்.

சிவசங்கரன் எழுந்து மைக்கைச் சரிசெய்தார். "எனக்குப் பதவி ஆசை என்கிறார்கள். ஆசை இருப்பவன் ஒருமுறை பதவியில் இருந்துவிட்டுத் திருப்தியாகப் போய்விடுவான். எனக்கு அந்த ஆசை இல்லாத காரணத்தால்தான் பதினாறு ஆண்டுகளாகப் போக முடியாமல் இருக்கிறேன். ரோலா பிரிந்தால் அஜ்மான் கேட்கும். அஜ்மான் பிரிந்தால் அல் ஐன் கேட்கும். பிறகு நான் எதற்குத் தலைவர்? ஒற்றுமை என்பது என் தனிப்பட்ட பிரச்சினை அல்ல. ஆனாலும் கேட்கிறேன், நான் எங்கே போவேன்?"

ஒரு பாதி கை தட்டியது. உடையப்பன் எழுந்தார்.

"ரோலா யாருக்கும் அடிமை இல்லை. சுதந்திர ரோலாவில் எல்லோரும் சமம். கருத்துச் சுதந்திரம் முழுமையாக இருக்கும். ஆகவே ஒன்றை இப்போதே உறுதியாகச் சொல்கிறேன். நாம் பிரிந்த பிறகு, பிரிவினை பேசுகிற எவனையும் ரோலாவுக்குள் விடமாட்டோம்."

மறுபாதி கை தட்டியது. பிறகு புது முத்திரையின் படம் எப்படி இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். உடையப்பன் ஒரு வரைபடம் கொண்டுவந்திருந்தார். கழுத்து நீண்ட குப்பி ஒன்று, மேலே மூடி. அது தமிழர் பண்பாட்டின் மணத்தைக் குறிக்கிறது என்றார். அவர் கடையின் பெயர்ப்பலகையில் இருப்பதும் அதே குப்பிதான் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். "கடைதான் பண்பாட்டைப் பார்த்து வைத்தது" என்றார் உடையப்பன். முத்திரை விவகாரம் ஒன்பது பேர் கொண்ட குழுவுக்கு அனுப்பப்பட்டது. கேக் வந்தது. ராக்கப்பன் வெட்டினார். இந்த முறை எப்படி வெட்டுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு வாக்கெடுப்பு. போவதற்கு முன் ராக்கப்பன் ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்தார். பாலகுருவின் கை கம்பியில் ஊரவில்லை, பக்கத்தில் கிடந்தது. லேசாக இருமினார். "நாளைக்குள்ள பேப்பர் கொண்டுவந்தா இந்த வாரம் அனுப்பிடலாம்" என்றார் டாக்டர். "அதுக்கப்புறம் என்னைக் கேக்காதீங்க."

ஓட்டுகளைப் பிருந்தா இரண்டு முறை எண்ணினார். ஆம், நாற்பத்தொன்று. இல்லை, நாற்பத்தொன்று. அறை முழுவதும் சட்டப் புத்தகத்தைப் பார்த்தது. அவர் பக்கம் பக்கமாகத் திருப்பி, எண்பத்தெட்டாவது பிரிவில் நின்றார்.

"சமநிலை ஏற்படின், அவை கூடும் இடத்தைத் தன் பெயரில் பெற்றுத் தந்த உபயதாரர் தீர்மான வாக்கை அளிப்பார்."

"உபயதாரர் யாரு?" என்று ஒருவர் கேட்டார்.

யாரோ போய் வாசல் பலூனுக்குக் கீழே எழுதியிருந்த பெயரைப் படித்துவிட்டு வந்தார்.

கடைசி வரிசையில் நாற்காலியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ராக்கப்பனை இரண்டு பேர் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிவந்தார்கள். சிவசங்கரன் தன் நாற்காலியைக் கொடுத்தார். உடையப்பன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். இரண்டு பேருமே அவரை "அண்ணே" என்றார்கள். மைக் அவர் கைக்கு வந்தது.

ராக்கப்பன் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மடிப்பை நீவி மேசைமேல் வைத்தார். டாக்டர் சான்றிதழ் இன்னும் அதோடுதான் பின் குத்தியிருந்தது.

"எனக்குச் சேர்றதும் தெரியாது, பிரியறதும் தெரியாதுங்கய்யா. மச்சான் உசுரோட ஊரு போகணும். நாளைக்குள்ள இந்தப் பேப்பர் போகணும்னு டாக்டரு சொல்றாக. ரெண்டு பேருல யாரு இப்ப இதுல கையெழுத்துப் போடுறாகளோ, அவுக பக்கம் என் ஓட்டு."

சிவசங்கரனின் கை பேனாவை எடுத்தது. உடையப்பனும் பேனாவை எடுத்தார். ராக்கப்பன் இரண்டு பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் அந்த நாட்டில் அவர் ஒருவருக்காக இரண்டு பேர் பேனாவைத் திறந்து பார்த்ததில்லை. சிவசங்கரனின் பேனா காகிதத்துக்கு நாலு விரற்கடை உயரம் வரை வந்தும்விட்டது.

அப்போது சிவசங்கரன் உடையப்பனைப் பார்த்தார். உடையப்பன் அவரைப் பார்த்தார். முந்திப் போடுகிறவன் ஓட்டை விலைக்கு வாங்கினான் என்று பிந்தியவன் காலம் முழுக்கச் சொல்வான் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. இரண்டு பேனாவும் மூடிக்கொண்டன.

"அவைத்தலைவர் அவர்களே" என்றார் சிவசங்கரன், "இந்த அவையின் மாண்பை ஒரு கையெழுத்துக்காக விலை பேசுவதை வன்மையாகக் கண்டிக்கிறேன்."

"முதல் முறையாகத் தலைவரோடு உடன்படுகிறேன்" என்றார் உடையப்பன். "ஊழலற்ற ரோலாவே நம் கனவு."

அன்றைக்கு அறை முழுவதும் சேர்ந்து கை தட்டியது அப்போது மட்டும்தான்.

பிருந்தா தீர்ப்பளித்தார். நிபந்தனையோடு கூடிய வாக்கு செல்லாது. பேரம் பேசியதற்கு ஆதாரமான காகிதங்கள் சான்றாவணம் ஒன்று என எண்ணிட்டு ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிடம் ஒப்படைக்கப்படும். கடிதத்தையும் சான்றிதழையும் மடித்து ஓர் உறையில் போட்டு ஒட்டித் தன் பைக்குள் வைத்தார்.

ராக்கப்பன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அம்மா, லெட்டரு போனாப் போகுது. அதுல டாக்டர் பேப்பர் இருக்கும்மா. அத மட்டும் குடுங்க."

"எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்பக் கஷ்டமா இருக்குண்ணா" என்றார் பிருந்தா. கண் கலங்கித்தான் இருந்தது. "ஆனா நான் இப்ப பிருந்தா இல்ல, அவைத்தலைவர். குழுவுக்கு விண்ணப்பம் கொடுங்க. பதினாலு நாள்ல பதில் வரும்."

வாக்கு சமமாகவே நின்றதால் இரு தரப்பும் வெற்றி பெற்றதாக அறிவித்தன. பர் துபாய் தரப்பு ஒற்றுமை காக்கப்பட்டது என்று கோஷம் போட்டபடி ஒரு வாசல் வழியாகப் போனது. ரோலா தரப்பு விடுதலைப் பிரகடனம் வாசித்துவிட்டு இன்னொரு வாசல் வழியாகப் போனது. கேக் வந்தபோது ராக்கப்பன் ஒருவர்தான் அறையில் இருந்தார். பரிசாரகர்கள் பாட்டை முழுதாகப் பாடி முடித்துவிட்டுத்தான் போனார்கள்.

திங்கட்கிழமை சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று முழுநாள் லீவு போட்டு டாக்டரிடம் போய் நின்றார். இன்னொரு சான்றிதழ் வேண்டும் என்றார். டாக்டர் பாலகுருவின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். ஒரு பக்கம் கேட்டார், மறுபக்கம் கேட்டார். பிறகு ராக்கப்பனின் தோளில் கை வைத்தாரே தவிர, பேனாவை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை டூட்டி பஸ்ஸில் ஏறக் காலை வைத்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ராக்கப்பன் இறங்கிக்கொண்டார். அவர் பின்னால் நின்றவர்கள் ஏறினார்கள். பஸ் போய்விட்டது.

கௌஸ் முகைதீன் நான்கே நாளில் எல்லாக் காகிதத்தையும் முடித்தார்.

"இதுக்கு மன்றத்து லெட்டரு வேணாமா பாய்?" என்று ராக்கப்பன் கேட்டார்.

"வேணாண்ணே." கௌஸ் முகைதீன் தலை நிமிராமல் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "உசுரோட போறவங்களத்தான் உண்மையா பொய்யான்னு கேப்பாங்க. இவங்ககிட்ட யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

நாகஜோதியிடம் தேதி சொல்ல வேண்டியிருந்தது. போனில் சொன்னார். அவள் சொன்னாள்:

"வேன்ல சீட்டக் கழட்டுனது கழட்டுனபடியே கெடக்குண்ணே. அதுலயே கொண்டாந்துரலாம்."

பெட்டி திங்கட்கிழமை விமானத்துக்குப் போவதாக இருந்தது. அதற்கு முந்தின ஞாயிறு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. பர் துபாயில், பிரிவினைவாதத்துக்குப் பலியான முதல் தொழிலாளி என்று தீர்மானம் போட்டார்கள். ரோலாவில், அடிமைத்தனத்துக்குப் பலியான முதல் தியாகி என்று போட்டார்கள். ராக்கப்பன் ரோலாவுக்குப் போனார். போக வேண்டும் என்று போகவில்லை. அவர் அட்டையின் ஜெராக்ஸை வைத்து அவர் பெயரிலேயே அறை எடுத்திருப்பதாகவும், அவர் நேரில் வந்தால்தான் கதவைத் திறப்பேன் என்று மேனேஜர் சொல்வதாகவும் உடையப்பன் ஆள் அனுப்பியிருந்தார்.

புது முத்திரைக் குழுவின் முதல் அறிக்கையை ஏற்றுக்கொண்ட பிறகு, பாலகுருவின் படத்துக்கு மாலை போட்டார்கள். ஒரு நிமிட மௌனம் தொடங்கியது. இருபது நொடி ஆகியிருக்கும். கதவு திறந்தது, மெழுகுவத்தி தெரிந்தது, பாட்டுக் கேட்டது. இடைக்கால அவைத்தலைவராகவும் பொறுப்பேற்றிருந்த உடையப்பன், முன்னுதாரணப்படி மௌனத்தை ஏழு நிமிடம் ஒத்திவைத்தார்.

ராக்கப்பன் கேக்கைத் தொடவில்லை. ஒன்பதாவது பிரிவு நினைவிருந்தும் எழுந்து நின்று பேசினார்.

"ஐயா, மச்சானுக்கு உங்க மன்றத்துலயும் ஓட்டு இல்ல, பர் துபாய்க்காரவுக மன்றத்துலயும் ஓட்டு இல்ல. சாரம் கட்ட வந்த மனுசன். தியாகின்னெல்லாம் எழுதாதீக. எங்க தங்கச்சி புருசன்னு மட்டும் எழுதுங்க. இல்ல, ஒண்ணுமே எழுதாம விட்டுருங்க."

குறிப்பெழுதுகிறவர் எழுதுவதை நிறுத்திவிட்டு உடையப்பனைப் பார்த்தார்.

"இணை உறுப்பினரின் பேச்சு அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது" என்றார் உடையப்பன். சற்று யோசித்து, இரக்கத்தோடு சேர்த்துக்கொண்டார்: "எழுந்து நின்று கை தட்டியதாக எழுதிக்கொள்ளுங்கள்."

வெயில் ஏறி, மதிய வேளையில் வெளிவேலை நிறுத்துகிற மாதங்கள் வந்தன. கீழ்க்கட்டிலுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து பிளாக்கிலிருந்து சுரேஷ்குமார் என்ற வெல்டர் ராக்கப்பனைத் தேடிக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும், அருப்புக்கோட்டைக்காரர். அவருடைய அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறார். ஸ்ட்ரெச்சரில் ஊருக்கு அனுப்ப வேண்டும். மன்றத்திலிருந்து ஒரு கடிதம் இருந்தால் போதும் என்று சொல்கிறார்களாம்.

"உங்களுக்கு அங்கெல்லாம் பழக்கம்னு சொன்னாங்கண்ணே. ரெண்டு மன்றம் இருக்காமே?"

"இப்ப மூணு" என்றார் ராக்கப்பன். "ரோலாவுல இருந்து இண்டஸ்ட்ரியல் ஏரியாக்காரவுக போன மாசம் பிரிஞ்சுட்டாக."

போக வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். வேறு எங்கே போகச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. சுரேஷ்குமார் கையில் ஒரு பேனாவும் பழைய டைம்ஷீட் ஒன்றும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ராக்கப்பன் அதை வாங்கி, பின்பக்கத்தில் மூன்று முகவரியையும் நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தார்.

சுரேஷ்குமார் மூன்றையும் படித்துப் பார்த்தார். "முதல்ல எதுக்குப் போகட்டும்ணே?"

"எது பஸ் ஸ்டாப்புக்குப் பக்கமோ, அதுக்குப் போங்க தம்பி" என்றார் ராக்கப்பன்.